கேட்போர் யார்? எழுத்துவழி உளவளத்துணையைச் செய்யுளுறுப்புகளின் வழி வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

மின்னஞ்சல், குறுஞ்செய்தி, தனிப்பட்ட அரட்டை ஆகியவற்றின் வழியாக உளவளத்துணை பெறுதல் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. இம்முறையைப் பற்றிய விவாதங்கள் இரு திசைகளில் பிரிந்து செல்கின்றன. இது பயன் தருமா என்பது ஒன்று. இதில் தரவு காக்கப்படுமா என்பது மற்றொன்று. இவ்விரு வினாக்களும் ஒரே வினாவின் இரு பக்கங்களே என்று இக்கட்டுரை வாதிடுகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் உறுப்புகளுள் மெய்ப்பாடு, காலம், எச்சம், கேட்போர், முன்னம் ஆகியவற்றை வாசிப்புக் கருவிகளாகக் கொண்டு, எழுத்துவழி உளவளத்துணை குறைபட்ட பேச்சு அன்று, தனக்கென இலக்கணம் உடைய பனுவல் என்பதையும், பனுவலின் கேட்போரை மாற்றுவது பனுவலையே மாற்றுவதாகும் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: உளவளத்துணை, செய்யுளியல், மெய்ப்பாடு, கேட்போர், முன்னம், இரட்டை வழக்கு, மறைகாப்பு

முன்னுரை

1953 நவம்பரில் லண்டனில் ஆங்கிலிக்கத் திருச்சபைக் குருவான சாட் வாரா, தற்கொலை எண்ணம் கொண்டோர் அழைப்பதற்கென ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். அதிலிருந்து வளர்ந்த சமாரிட்டன்ஸ் அமைப்பு, 1994-இல் மின்னஞ்சல் வழியாகவும் துயருற்றோருக்குச் செவிசாய்க்கத் தொடங்கியது. குரலின் இடத்தை எழுத்து பெற்ற அந்த மாற்றம் பின்னர்க் குறுஞ்செய்திச் சேவைகளாகவும், கட்டணம் பெற்று நடத்தப்படும் செயலிகளாகவும் விரிந்தது. சென்னையில் 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சிநேகா அமைப்பும் தொலைபேசியோடு மின்னஞ்சல் வழியாகவும் துணை வழங்குகிறது.

ஒருவர் தம் துன்பத்தை எழுதுகிறார். முகம் தெரியாத மற்றொருவர் அதனைப் படித்து விடை எழுதுகிறார். இந்நிகழ்வு உளவியலுக்கு உரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இங்கு நடைபெறுவது முழுவதும் எழுதுதலும் வாசித்தலுமே ஆகும். எனவே பனுவலை வாசிக்கும் துறையாகிய இலக்கியத் திறனாய்வுக்கும் இதில் சொல்வதற்கு இடமுண்டு. அவ்விடத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைச்சொல் ஒன்றை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். தமிழ்நாட்டில் 'மனநல ஆலோசனை', 'உளவியல் ஆலோசனை' என்னும் தொடர்கள் பெருவழக்காக உள்ளன. இலங்கைத் தமிழில் 'உளவளத்துணை' என்னும் சொல் நிலைபெற்றுள்ளது. ஆலோசனை என்பது அறிவுரை வழங்கும் ஒருவரை முன்னிறுத்துகிறது. துணை என்பது உடனிருக்கும் ஒருவரை முன்னிறுத்துகிறது. சமாரிட்டன்ஸ் போன்ற அமைப்புகளின் தன்னார்வலர்கள் அறிவுரை கூறுவதைத் தவிர்த்துச் செவிமடுத்தலையே தம் பணியாகக் கொள்வதால், இக்கட்டுரை இரண்டாம் சொல்லையே ஆள்கிறது.

குறை என்னும் அளவுகோல்

எழுத்துவழி உளவளத்துணையை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அதனிடம் இல்லாதவற்றையே முதலில் எண்ணுகின்றனர். முகம் இல்லை, குரல் இல்லை, உடலசைவு இல்லை. 2020 மார்ச் 25 அன்று வெளியான இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் காணொளி, குரல், எழுத்து என்னும் மூன்று முறைகளையும் ஏற்கின்றன. அவற்றுள் எழுத்து முறையின் வரம்புகளாகக் கூறப்படுபவை இவ்வகையின: காட்சிக் குறிப்புகளோடு குரற்குறிப்புகளும் கிட்டுவதில்லை, நல்லுறவை ஏற்படுத்துவது கடினம், எதிரே இருப்பவர் யார் என்று உறுதிசெய்ய இயலாது. அந்நெறிகள் பதிவுபெற்ற மருத்துவர்களுக்கு உரியவை. உளவளத்துணையாளர் அனைவரையும் கட்டுப்படுத்துபவை அல்ல. ஆயினும் எழுத்தைக் குறைபட்ட பேச்சாகக் காணும் பொதுப் பார்வையை அவை தெளிவாக எடுத்துக்காட்டுகின்றன.

இப்பார்வைக்கு எதிரான சான்றும் உண்டு. டேவிட் கெஸ்லரும் பிறரும் 2009-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு உடைய 297 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் சிகிச்சையாளருடன் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்து உரையாடும் அறிதல்-நடத்தைச் சிகிச்சையைப் பெற்றனர். மற்றவர் வழக்கமான மருத்துவப் பராமரிப்பைப் பெற்றுக் காத்திருந்தனர். நான்கு மாத முடிவில் மதிப்பிடப்பட்டவர்களுள் முதற்குழுவில் 38 விழுக்காட்டினரும் இரண்டாம் குழுவில் 24 விழுக்காட்டினரும் மீண்டிருந்தனர். முகமும் குரலும் இன்றியே இந்த வேறுபாடு தோன்றியது. எழுத்து குறைபட்ட பேச்சு மட்டுமே எனின், இம்முடிவை விளக்குதல் கடினம்.

உடலும் சொல்லும்

இவ்விடத்தில் தொல்காப்பியம் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காண உதவுகிறது. பொருளதிகாரத்தில் மெய்ப்பாடு இருமுறை பேசப்படுகிறது. மெய்ப்பாட்டியலில் அது உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுதலாகும். நகை, அழுகை முதலிய எட்டும், அவை ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு நிலைக்களன்களும் அங்கு விளக்கப்படுகின்றன. செய்யுளியலிலோ மெய்ப்பாடு செய்யுளின் உறுப்புகளுள் ஒன்றாக மீண்டும் இடம்பெறுகிறது. அங்கு அது, படிப்பவர் வலிந்து ஆராயாமலே பொருள் கண்முன் தோன்றுமாறு சொல்லால் அமைப்பதைக் குறிக்கிறது. செய்யுளில் உடல் இல்லை. ஆயினும் மெய்ப்பாடு உண்டு. உடலின் வழிப் புலப்படுவதும் சொல்லின் வழிப் புலப்படுவதும் வெவ்வேறு வகையின என்பதையும், பின்னது முன்னதன் குறைவடிவம் அன்று என்பதையும் இவ்வமைப்பு உணர்த்துகிறது.

எழுத்துவழி உளவளத்துணையிலும் உணர்வு வேறிடங்களில் புலப்படுகிறது. செய்தி வந்த நேரம், வாக்கியத்தின் நீளம், திடீரென்று குறுகும் விடை, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுதல், நிறுத்தக்குறிகளைக் கைவிடுதல் ஆகியன அவ்விடங்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு 'தூக்கம் வரல' என்று மட்டும் ஒருவர் எழுதுவதாகக் கொள்வோம். இதே சொற்கள் மாலை ஆறு மணிக்கு மருத்துவரிடம் கூறப்பட்டால் அவை ஓர் அறிகுறி. நள்ளிரவில் எழுதப்பட்டால் ஓர் அழைப்பு. காலம் என்னும் உறுப்பு இங்குப் பொருளையே மாற்றுகிறது.

காலத்திற்கு மற்றொரு பணியும் உண்டு. மின்னஞ்சலில் விடை உடனே வருவதில்லை. அந்த இடைவெளியைக் குறையாகக் கருதுவோர் உளர். ஆனால் எழுதியவர் தாம் எழுதியதைத் தாமே மீண்டும் படிக்கும் காலமும் அதுவே. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள்கள், நாளொன்றுக்கு 15 நிமிடம் தம் வாழ்வின் கொடிய அனுபவங்களைப் பற்றி எழுதினர். எழுதியவுடன் அவர்களின் மனநிலை தாழ்ந்தது. எனினும் நிகழ்ச்சியையும் அது எழுப்பிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்திற்குச் சென்றது குறைந்தது. பிற்காலத் தொகுப்பாய்வுகள் இப்பயன் அளவில் சிறியது என்று காட்டியுள்ளன. ஆயினும் எழுதுதல் வெறும் தகவல் பரிமாற்றம் அன்று, அதுவே ஒரு செயல் என்பதை இச்சோதனை நினைவூட்டுகிறது.

எச்சமும் 'புறம்பான பேச்சும்'

சொல்லப்பட்டதைக் கொண்டு சொல்லப்படாததை நிரப்பிக்கொள்ளும் இடம் எச்சம். சொல்லாலோ குறிப்பாலோ முடிவுபெறும் பகுதியைப் பனுவல் விட்டுவைக்கிறது. படிப்பவர் அதனை முடிக்கிறார். 'சரி, பரவாயில்ல' என்று முடியும் ஒரு செய்தியை வாசிக்கும் உளவளத்துணையாளர், உரையாடல் நிறைவுற்றது என்று கொள்வதா, எழுதியவர் நம்பிக்கை இழந்து விலகுகிறார் என்று கொள்வதா என்பதை எச்சத்தை வாசிக்கும் திறனே முடிவுசெய்கிறது.

இத்திறனை எண்ணிக்கையால் அளக்க முயன்ற ஆய்வு ஒன்றைக் கருதலாம். இங்கிலாந்தில் எழுத்துவழி அறிதல்-நடத்தைச் சிகிச்சை அளிக்கும் ஒரு சேவையின் 90,000-க்கு மேற்பட்ட அமர்வுப் பதிவுகளை ஆழ்கற்றல் முறையால் பகுத்து, மைக்கேல் யூபாங்கும் பிறரும் 2020-இல் 'ஜாமா சைக்கியாட்ரி' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். மாற்றத்தைத் தூண்டும் சிகிச்சை உத்திகள் மிகுந்த அமர்வுகள் முன்னேற்றத்தோடு தொடர்புற்றிருந்தன. சிகிச்சைக்குப் புறம்பான பேச்சு எதிர்நிலையில் தொடர்புற்றிருந்தது. இது தொடர்பைக் காட்டுவதேயன்றிக் காரணத்தை நிறுவுவதன்று.

ஆங்கிலச் சூழலில் பெறப்பட்ட இவ்வகைப்பாட்டைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவருவதில் இடருண்டு. 'சாப்பிட்டீங்களா' என்னும் வினா தமிழில் உணவைப் பற்றிய வினா மட்டும் அன்று. கேட்பவர்மேல் அக்கறை உண்டு என்பதன் அறிவிப்பும் ஆகும். வகைப்படுத்தும் பொறி அதனைப் புறம்பான பேச்சு என ஒதுக்கக்கூடும். உண்மையில் அவ்வினாவுக்கு வரும் 'இல்ல, பிடிக்கல' என்னும் விடையே உரையாடலின் மையமாக அமையலாம். எது புறம்பு, எது அகம் என்பதை மொழிச்சமூகத்தின் வழக்கறிந்தே முடிவுசெய்ய இயலும்.

தமிழில் எழுதும்போது

தமிழில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. தமிழின் இரட்டை வழக்கில், துயரம் பேசப்படும் மொழி ஒன்று; எழுதக் கற்பிக்கப்பட்ட மொழி வேறொன்று. தனிச்செய்தியில் எழுதும் இளைஞர் பலர் பேச்சுவழக்கை, அதுவும் ரோமன் எழுத்துகளில், எழுதுகின்றனர். 'எனக்கு யாருமே இல்ல' என்று ஒருவர் எழுத, 'தங்கள் மனநிலையை எம்மால் உணர முடிகிறது' என்று விடை வருமாயின், இலக்கணப் பிழை ஏதுமின்றியே உறவு முறிகிறது. 'தங்கள்', 'எம்மால்' என்னும் இரு சொற்களும் அலுவலகக் கடிதத்தின் சொற்கள். எழுதியவர் ஒரு மனிதரிடம் பேசினார். விடையோ ஒரு நிறுவனத்திடமிருந்து வருகிறது.

மறுதலையாக, துணையாளர் உடனே பேச்சுவழக்கிற்கு மாறுவதும் எல்லா நேரத்திலும் பொருந்தாது. சிலர் தாம் பேசத் துணியாததைச் சொல்வதற்கென்றே எழுத்துத் தமிழைத் தேர்கின்றனர். 'என் தந்தை என்னை அடித்தார்' என்னும் வாக்கியத்தில் எழுத்து வழக்கு ஒரு தொலைவை உண்டாக்குகிறது. அத்தொலைவே சொல்வதற்கான வலிமையைத் தருகிறது. ஆகவே எழுதியவர் தேர்ந்த வழக்கைக் கவனித்து அதனோடு இயைந்து செல்வதே முறையாகும்.

விளிச்சொற்களிலும் இதே நிலை உண்டு. சமாரிட்டன்ஸ் மின்னஞ்சல்களில் தன்னார்வலர் அனைவரும் 'ஜோ' என்னும் ஒரே பெயரில் கையொப்பமிடும் வழக்கம் உள்ளது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான அப்பெயர், விடை எழுதும் தனியாளை மறைத்துச் செவிமடுத்தலை மட்டும் எஞ்சவைக்கிறது. தமிழின் தன்மை, முன்னிலை வினைகளும் பால் காட்டுவதில்லை; எனவே இலக்கணம் இம்மறைப்பிற்கு இடம் தருகிறது. ஆனால் வழக்கு இடம் தருவதில்லை. சில செய்திகளுக்குள் எழுதுபவர் 'அக்கா' என்றோ 'சார்' என்றோ அழைக்கத் தொடங்கிவிடுவார். எதிரே இருப்பவரின் பாலும் வயதும் தெரியாமல் உறவுமுறை அமையாது. உறவுமுறை அமையாமல் பேச்சு நெருங்காது. தமிழில் எழுத்துவழித் துணை அளிப்போர்க்கான பயிற்சி, ஆங்கிலக் கையேட்டின் மொழிபெயர்ப்பாக மட்டும் அமைந்தால் இவற்றை எதிர்கொள்ளாது.

கேட்போரும் முன்னமும்

இதுவரை கண்டவை வாசிப்பின் திறம் பற்றியன. இனி வாசிக்கும் உரிமை பற்றிக் காண்போம். செய்யுளியல் கூற்றோடு கேட்போரையும் செய்யுளின் உறுப்பாகவே கொள்கிறது. கேட்போர் பனுவலுக்கு வெளியே தற்செயலாக நிற்பவர் அல்லர். பனுவலின் ஆக்கத்தில் பங்குடையவர். யார் கூற்றை யார் கேட்டற்கு உரியர் என்னும் வரையறைகளும் அங்கு உண்டு. இந்த இடத்தில் இம்மொழி இன்னார்க்கு இன்னார் கூறுதற்கு உரியது என அறிய நிற்கும் பொருத்தத்தை முன்னம் என்னும் உறுப்பு குறிக்கிறது.

ஜோசப் வைசன்பாம் 1966-இல் எம்.ஐ.டி. நிறுவனத்தில் வெளியிட்ட 'எலைசா' என்னும் கணினி நிரல், தட்டச்சு செய்யப்படும் வாக்கியங்களை வினாக்களாக மாற்றித் திருப்பித் தந்தது. அதை அவர் உருவாக்குவதைப் பல மாதங்கள் கண்டிருந்த அவருடைய செயலரே, அதனோடு சில வரிகள் உரையாடியதும் அவரை அறையைவிட்டு வெளியேறுமாறு கேட்டுக்கொண்டார் என்று வைசன்பாம் பின்னர் எழுதினார். பொறியை மனிதராக எண்ணி மயங்கும் இயல்புக்குச் சான்றாகவே இந்நிகழ்ச்சி வழக்கமாக எடுத்துக்காட்டப்படுகிறது. வேறொரு வாசிப்பும் இயலும். அச்செயலர் பொறியைப் பற்றி எதுவும் கூறவில்லை. அறையில் நின்ற மற்றொரு மனிதரையே விலகச் சொன்னார். அவர் கேட்டது கேட்போரின் எல்லையை. தம் எழுத்தைப் படைத்தவரும் நண்பருமேயாயினும், அக்கூற்றுக்கு உரியர் அல்லாத ஒருவர் அதனைப் படிக்கலாகாது என்பதே அவர் உணர்த்தியது.

அவ்வெல்லை மீறப்பட்ட நிகழ்வுகள் அண்மைக் காலத்தில் பொதுவெளிக்கு வந்துள்ளன. அமெரிக்காவில் 2013-இல் தொடங்கப்பட்ட கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன், நெருக்கடியில் உள்ளோர்க்குக் குறுஞ்செய்தி வழியாகத் துணை அளிக்கும் இலாப நோக்கற்ற அமைப்பு. செய்திகளைப் பகுத்து, உயிருக்கு ஆபத்து உள்ளோரை வரிசையில் முன்னிறுத்த அது தரவைப் பயன்படுத்தியது. அப்பயன் மறுக்கற்பாலது அன்று. ஆனால் பெயர் முதலியன நீக்கப்பட்ட உரையாடல் தரவை, வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருள் உருவாக்கிய லோரிஸ் என்னும் இலாப நோக்குடைய நிறுவனத்துடன் அது பகிர்ந்தது என்பதைப் 'பொலிட்டிகோ' ஏடு 2022 ஜனவரி இறுதியில் வெளிப்படுத்தியது. எதிர்ப்பு எழவே, சில நாள்களில் அப்பகிர்வு நிறுத்தப்பட்டது.

அமைப்பு முன்வைத்த மறுமொழிகளுள் முதன்மையானது, தரவில் எழுதியவரை அடையாளம் காட்டுவன நீக்கப்பட்டன என்பதாகும். இவ்விடத்தில் அகப்பாடல் மரபு ஒரு தெளிவைத் தருகிறது. அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் மரபன்று. அங்குக் கூற்றுகள் அனைத்தும் பெயர் நீக்கப்பட்டவையே. ஆயினும், பெயர் இல்லை என்பதனால் யாரும் கேட்கலாம் என்று அம்மரபு கொள்ளவில்லை; கூறுவோரையும் கேட்போரையும் அது தனித்தனியே வரையறுத்தது. பெயரை நீக்குதல் கூறுவோரைக் காக்கும். கேட்போரை மாற்றுதல் என்னும் செயலை அது நியாயப்படுத்தாது. வாழ்வின் விளிம்பில் நின்று ஒருவர் எழுதிய வரி, வணிகச் சேவையில் சினந்த வாடிக்கையாளரைத் தணிக்கக் கற்பிக்கும் பாடமாக மாறும்போது, சொற்கள் மாறாமலே கூற்று மாறிவிடுகிறது.

இரண்டாவது நிகழ்வு பெட்டர்ஹெல்ப் என்னும் கட்டணச் சேவையைப் பற்றியது. பயனாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும், சேருமுன் அவர்கள் நிரப்பிய நலவினாத்தாள் பற்றிய தகவல்களையும் விளம்பர நோக்கில் முகநூல், ஸ்நாப்சாட் முதலிய நிறுவனங்களுக்கு அளித்தது என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023-இல் குற்றஞ்சாட்டியது. 78 இலட்சம் டாலர் செலுத்தும் ஒப்பந்தத்தில் அவ்வழக்கு முடிந்தது. நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. இங்குப் பகிரப்பட்டது உரையாடலின் உள்ளடக்கம் அன்று என்பதைக் குறிப்பிட வேண்டும். ஆனால் ஒருவர் துணை நாடினார் என்னும் செய்தியே ஒரு கூற்றாகும். 'இதற்குமுன் சிகிச்சை பெற்றிருக்கிறீர்களா' என்னும் வினாவுக்கு அளிக்கும் விடை, உளவளத்துணையாளரைக் கேட்போராகக் கொண்டே எழுதப்படுகிறது. விளம்பர நிறுவனத்தைக் கருதி அன்று.

ஹெலன் நிசன்பாம் 2004 முதல் வளர்த்துவரும் 'சூழற்பொருத்தம்' என்னும் கோட்பாடு இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. மறைகாப்பு என்பது தகவலை முற்றிலும் மறைத்தல் அன்று. தகவல் தனக்குரிய சூழலின் நெறிப்படி நகர்தலே மறைகாப்பு என்கிறார் அவர். முன்னம் என்னும் உறுப்பு சட்டக் கோட்பாடு அன்று. இரண்டையும் ஒன்றெனக் கூறுவது மிகையாகும். எனினும் இடம், கூறுவோர், கேட்போர் ஆகியவற்றின் பொருத்தத்தாலேயே மொழி பொருள்பெறுகிறது என்னும் உணர்வு இரண்டிற்கும் பொதுவானது. இதனால்தான் பயன் பற்றிய வினாவையும் தரவு பற்றிய வினாவையும் பிரிக்க இயலாது. இன்னார் மட்டுமே கேட்பார் என்னும் நம்பிக்கையே ஒருவரை எழுதவைக்கிறது. எழுதுவதே பயனைத் தருகிறது. நம்பிக்கை குலைந்தால் முதலில் மறைவது எச்சம், பிறகு கூற்று.

எல்லைகள்

இவ்வாசிப்பிற்கு எல்லைகள் உண்டு. அகப்பாடலின் தலைவி புலவர் படைத்த மாந்தர். செய்தி எழுதுபவர் உயிருள்ளவர். அவருடைய எழுத்தை இலக்கியமாகச் சுவைத்தல் அறமாகாது. இக்காரணத்தால் இக்கட்டுரையில் காட்டப்பட்ட தமிழ்ச் செய்திகள் அனைத்தும் விளக்கத்திற்கென அமைக்கப்பட்டவையே. எவருடைய உரையாடலிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. மேலும், எழுத்து எல்லார்க்கும் எல்லா நேரத்திலும் ஏற்றதன்று. எழுத்தறிவும் தனிக் கைப்பேசியும் இல்லாதவர்க்கு இவ்வழி திறந்ததன்று. உயிருக்கு உடனடி ஆபத்து உள்ள நிலையில் குரலும் நேரில் ஒருவர் இருத்தலுமே தேவை. பெண்ணின் கைப்பேசியைக் கணவரோ தமையனோ பார்க்கும் வீட்டில், நிறுவனத்தினும் முன்னதாகக் குடும்பமே அழைக்கப்படாத கேட்போராகிறது.

முடிவுரை

இவ்வாய்விலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, எழுத்துவழி உளவளத்துணையைப் பேச்சின் குறைவடிவமாக மதிப்பிடும் அளவுகோல் பொருந்தாது. உடலின் மெய்ப்பாடு இல்லாத இடத்தில் சொல்லின் மெய்ப்பாடும் காலமும் எச்சமும் செயற்படுகின்றன. இரண்டாவது, அவற்றை வாசித்தல் மொழிசார்ந்த திறனாகும். தமிழில் அத்திறனை வளர்ப்பதில் தமிழ்த்துறைகள் உளவியல் துறைகளோடு இணைந்து பணியாற்ற இடமுண்டு. மூன்றாவது, கேட்போரை மாற்றுதல் கூற்றை மாற்றுதலாகும். ஆதலின் பெயர் நீக்கம் இசைவுக்கு ஈடாகாது.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மறைகாப்பு உரிமையை 23-ஆம் பிரிவிலும், தம் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை 25-ஆம் பிரிவிலும் கூறுகிறது. 2023-ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையை 12-ஆம் பிரிவில் வைத்துள்ளது. இவ்வுரிமைகள் நடைமுறையில் பொருள்பெற வேண்டுமெனில், புதிய கேட்போர் ஒருவர் சேர்க்கப்படும் ஒவ்வொரு முறையும் எழுதியவரிடம் அவருக்குப் புரியும் தமிழில், அவர் மறுக்கக்கூடிய வகையில் கேட்கப்பட வேண்டும். சேரும்போது ஒருமுறை அழுத்திய 'ஏற்கிறேன்' என்னும் பொத்தான் அதற்குப் போதாது. நள்ளிரவில் அப்பொத்தானை அழுத்துபவர் விதிமுறைகளைப் படிக்க வந்தவர் அல்லர். யாரேனும் தம்மைப் படிப்பார்களா என்று பார்க்க வந்தவர்.